சிங்கிறால் மரங்கள்

வெள்ளி மதியம் இரண்டரை. பாளையங்கோட்டை.
மூன்றாம் மாடி, கணிதத் துறைக் கருத்தரங்க அறை.
ப்ரொஜெக்டர் நீலத்திலேயே நின்றுவிட
சாக்பீஸ் கேட்டேன்.
பாதி கிடைத்தது.

முப்பத்தொரு பேர்.
வருகைப் பதிவுக்காக இருபத்தாறு,
எனக்காக நான்கு,
தலைமை தாங்க முனைவர் ஆறுமுகநயினார்.
சாப்பாட்டுக்குப் பின் அவர் கண்கள்
பூஜ்யத்தில் ஒருங்கும் தொடர்.

தலைப்பை எழுதினேன்:
எல்லாச் சிங்கிறால் மரங்களும் நளினமானவை.

பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு.

விளக்கினேன். மரம் என்றால் இங்கே
புள்ளிகள், கோடுகள், சுற்றி வந்து தொடாத கிளைகள்.
முதுகெலும்பாய் ஒரு பாதை.
அதிலிருந்து இரண்டெட்டில் முடிகிற கால்கள் இருந்தால்
சிங்கிறால்.
எல்லாமே ஓரெட்டோடு நின்றால் கம்பளிப்பூச்சி.
பெயர் வைத்தவருக்குப் பசித்திருக்கலாம்.

புள்ளிகளுக்குப் பூஜ்யத்திலிருந்து எண்கள் கொடு,
ஒன்றும் விடாமல், ஒன்றும் திரும்ப வராமல்.
கோட்டுக்கு, இரு முனைகளின் வித்தியாசம்.
வித்தியாசங்களும் திரும்ப வராவிட்டால்
நளினம்.

மிகச் சிறியதைப் போட்டுக் காட்டினேன்.
நடுவில் பூஜ்யம். மூன்று கால்கள்:
ஆறு, ஒன்று.
நான்கு, மூன்று.
இரண்டு, ஐந்து.
கோடுகளில் ஒன்று முதல் ஆறு வரை
வரிசை கலைந்து, எல்லாரும் ஆஜர்.

துணைத்தேற்றம் ஒன்று போயிற்று. இரண்டும்.
மூன்றில் ஒரு காலை எடுத்தேன்,
அதன் எண்களை அடுக்கினேன்,
மற்றவையும் அவ்வாறே என்றேன்.
கங்கைகொண்டான் பாலிடெக்னிக்கில்
பகலெல்லாம் வகையீடு நடத்திவிட்டு
இரவு பதினொன்றுக்கு மேல், ஒன்றரை வருடம்
எழுதியது அந்த ‘அவ்வாறே’.

“மிஸ், ஒண்ணு கேக்கட்டா?”
சிரித்த பெண்தான். ரெக்ஸலின்,
எம்.எஸ்ஸி. முதலாண்டு, ஊர் உவரி.
“ஒரு கால் மட்டும் பாதியில ஒடிஞ்சிருந்தா
என்ன செய்வீய?”

இப்போது அறையே சிரித்தது.
நானும் சிரிக்கப் போய்
போர்டைத் திரும்பிப் பார்த்தேன்.

சிறியதில் ஒரு நுனியை அழித்தேன்.
அது கம்பளிப்பூச்சி ஆகிவிட்டது,
அந்தக் கணக்கை எப்போதோ முடித்துவிட்டார்கள்.
பெரியதில் அழித்தேன்.
அவ்வாறே இல்லாத கால் ஒன்று
தேற்றத்துக்கு வெளியே நின்றது.
மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்று
அப்போதுதான் தெரிந்தது.
ஆறுமுகநயினார் விழித்து,
“நல்ல கேள்வி. டீக்கு அப்புறம் பேசலாம்” என்றார்.

டீ. ஆளுக்கு ஒரு உளுந்தவடை.
நன்றியுரைப் பையன்
காலையிலேயே எழுதி வைத்த தாளிலிருந்து
“பல வருடச் சிக்கலை எளிமையாக நிரூபித்த” என்று
திக்காமல் வாசித்தான்.
பங்குனி வெயிலில்
நிரூபிக்காத தேற்றத்துக்கு ஒரு சால்வை.
குத்தியது.

எல்லாரும் போனபின்
தலைப்பில் ‘எல்லா’வை விரலால் அழித்தேன்.
‘சில’ என்று எழுதச்
சாக்பீஸ் மிச்சமில்லை.

மாடிப்படியில் அவள் நின்றாள்.
“கோவமா மிஸ்?”
“இல்லை. நிஜத்தில் அதுக்கு எத்தனை கால்?”
“பத்து. ஆனா வலையில இருந்து பிய்க்கையில
ஒண்ணு ரெண்டு போயிரும்.
முழுசா இருக்கது ஏற்றுமதிக்கு.
மத்தது எங்க வீட்டுக் குழம்புக்கு.”

பஸ்ஸில் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
குழம்புக்குப் போகிற ஒன்றை வரைந்தேன்.
ஏழு கால், ஒன்றில் நுனி இல்லை.
பூஜ்யம் முதல் பதின்மூன்று வரை
பதினாலு பேருக்கு இடம் பிடிக்க வேண்டும்.
வண்ணார்பேட்டை, ஜங்ஷன், தச்சநல்லூர்.
தாழையூத்து வருவதற்குள்
பன்னிரண்டு பேர் உட்கார்ந்தாயிற்று.
நாலும் ஒன்பதும்
கம்பியைப் பிடித்தபடி
நின்றுகொண்டே வந்தன.